1000 வாட் வாங்கும் முன்: பவர் சப்ளையை அளப்பதும் தேர்ந்தெடுப்பதும்

கேட்கப்பட்டது இதுதான். ரைசன் 7 5800எக்ஸ் பிராசசர், ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர் கிராபிக்ஸ் கார்டு, ஆறு வருடம் ஓடிய 550 வாட் பவர் சப்ளை உள்ள டெஸ்க்டாப். கேம் விளையாடும்போது வாரத்துக்கு ஓரிரு முறை திடீரென்று அணைந்து தானாகவே மறுபடி கிளம்புகிறது. நீலத் திரை எதுவும் வருவதில்லை. அடுத்து 300 வாட் இழுக்கும் கார்டு ஒன்றைப் போடும் எண்ணம் இருக்கிறது. "எதற்கும் இருக்கட்டும் என்று 1000 வாட் வாங்கிவிடலாமா? அது ஒழுங்காக வேலை செய்கிறதா என்று எப்படிக் கண்காணிப்பது?"

1000 வாட் வேண்டாம். ஏடிஎக்ஸ் 3.1 என்ற பவர் சப்ளைத் தரத்தில் வந்த நல்ல 750 வாட் உங்களுக்குப் போதும். இதற்கும் மேலான கார்டுக்கு ஒருநாள் போவேன் என்று தோன்றினால் 850 வாட். ஆனால் இப்போது வரும் ரீஸ்டார்ட்டுக்குக் காரணம் தெரியாமல் எதையும் வாங்க வேண்டாம். ஏன் என்று ஒரு சின்னக் கணக்கிலேயே தெரிந்துவிடும்.

5800எக்ஸ் பிராசசரின் பெட்டியில் 105 வாட் என்று போட்டிருக்கும். அது வெப்பத்தை வைத்துச் சொல்லப்படும் எண். மதர்போர்டு அந்தப் பிராசசருக்கு உண்மையில் அனுமதிக்கும் உச்சம் 142 வாட். கேம் விளையாடும்போது அது அந்த உச்சத்தைத் தொடுவது அபூர்வம், பெரும்பாலும் 80, 90 வாட்டில்தான் நிற்கும். 1660 சூப்பர் 125 வாட். மதர்போர்டு, ரேம், எஸ்எஸ்டி, ஃபேன்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்து 50 வாட் வைத்துக்கொள்ளுங்கள். கேமில் ஏறக்குறைய 265 வாட் வருகிறது. பிராசசரும் கார்டும் ஒரே நேரத்தில் உச்சத்தில் ஓடினால்கூட 317 வாட்தான். 550 வாட் பவர் சப்ளைக்கு இது பாதிக்குக் கொஞ்சம் மேல். ஆகவே உங்கள் சிக்கல் 'வாட் போதவில்லை' என்பதாக இருக்க முடியாது. பவர் சப்ளைக்கு வயதாகியிருக்கலாம், அல்லது கோளாறு முற்றிலும் வேறு இடத்தில் இருக்கலாம். வேறு இடத்தில் இருந்தால், 1000 வாட் போட்ட பிறகும் அதே ரீஸ்டார்ட் வரும். புதிய கார்டும் சேர்ந்துவிட்ட பிறகு எதைச் சந்தேகிப்பது என்றே தெரியாமல் போய்விடும்.

சரி, காரணத்தை எப்படித் தேடுவது? விண்டோஸில் நடந்தவற்றைப் பதிவு செய்து வைக்கும் ஈவென்ட் வியூவரைத் திறந்தால் 'கெர்னல்-பவர் 41' என்ற பதிவு கண்டிப்பாக இருக்கும். அதில் 'பவர்' என்ற சொல் இருப்பதால் பலர் உடனே பவர் சப்ளைதான் குற்றவாளி என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். முறையாக மூடப்படாமல் கம்ப்யூட்டர் மறுபடி தொடங்கியது என்பது மட்டும்தான் அதன் பொருள். பிளக்கைப் பிடுங்கினாலும் அதே 41 வரும். அதற்குப் பக்கத்தில் 'வியா-லாகர் 18' (WHEA-Logger, வன்பொருள் கோளாறைக் குறிக்கும் பதிவு) என்று ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் கவனம் பிராசசர் பக்கம் போக வேண்டும். உங்கள் பிராசசரின் தலைமுறையில் ரேமை எக்ஸ்எம்பி வேகத்தில், அதாவது இயல்பைவிடக் கூடிய வேகத்தில், ஓட்டும்போதும், கர்வ் ஆப்டிமைசர் என்ற அமைப்பில் பிராசசரின் வோல்ட்டேஜை அளவுக்கு மீறிக் குறைக்கும்போதும் இதே மாதிரி சத்தமில்லாத ரீஸ்டார்ட் வருவதுண்டு. அதனால் முதல் வேலையாக மதர்போர்டின் அமைப்புகள் இருக்கும் பயாஸை அதன் இயல்பு அமைப்புக்குத் திருப்பிவிட்டு, எக்ஸ்எம்பி இல்லாமல் பத்து நாள் ஓட்டிப் பாருங்கள். இதற்குச் செலவே இல்லை.

எப்போது அணைகிறது என்பதையும் குறித்து வையுங்கள். ஒன்றும் செய்யாமல் சும்மா இருக்கும்போது ரீஸ்டார்ட் ஆனால் பவர் சப்ளைமீது சந்தேகம் குறையும். லோடு ஏறும் அந்த நொடியில், கேம் காட்சி மாறும்போது, லோடிங் திரை முடிந்து ஆட்டம் தொடங்கும்போது ஆனால் சந்தேகம் கூடும். அணைந்த பிறகு பவர் பட்டனை அழுத்தியும் கிளம்பாமல், பின்பக்க சுவிட்ச்சை ஒருமுறை அணைத்துப் போட்டால்தான் உயிர் வருகிறது என்றால், பவர் சப்ளையின் பாதுகாப்புச் சுற்று தன்னைத்தானே பூட்டிக்கொண்டது என்று கிட்டத்தட்ட உறுதியாகச் சொல்லலாம். அதிக மின்னோட்டம், அதிக வோல்ட்டேஜ், குறுக்குச்சுற்று ஆகியவற்றுக்கு நல்ல பவர் சப்ளைகள் இப்படித்தான் நடந்துகொள்ளும்.

இன்னொரு சோதனையும் இருக்கிறது. எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் என்ற மென்பொருளில் கார்டின் பவர் லிமிட்டை 70 சதவீதத்துக்கு இறக்கிவிட்டு, அதே கேமை அதே நேர அளவு விளையாடுங்கள். ரீஸ்டார்ட் நின்றுவிட்டால், கார்டிலோ பவர் சப்ளையிலோ கோளாறு இருக்கிறது. நண்பரிடம் ஒரு பவர் சப்ளை இரவல் கிடைத்தால் இரண்டில் எது என்பதும் தெரிந்துவிடும். ஆனால் இரவல் வாங்கும்போது அதன் கேபிள்களையும் சேர்த்தே வாங்குங்கள். இதைப் பிறகு விளக்குகிறேன், என் சொந்தப் பாடம் அது.

அறையில் விளக்கு ஒரு கணம் மினுங்கும்போது கம்ப்யூட்டரும் அணைகிறதா? இதைப் பலர் கவனிப்பதே இல்லை. பவர் சப்ளைக்குள் நுழைந்ததும் ஒரு பெரிய கெபாசிட்டர் இருக்கும். வெளியே மின்சாரம் ஒரு கணம் விட்டுப்போனால், அதில் சேர்ந்திருக்கும் மின்சாரம்தான் கம்ப்யூட்டரைத் தாங்கும். அந்தத் தாங்கும் நேரம் முழு லோடில் 16, 17 மில்லிநொடிகள். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் ஒரு சுழற்சியே 20 மில்லிநொடி என்பதால் இது ஒரு சுழற்சிக்கும் குறைவு. வருடங்கள் போகப் போக அந்தக் கெபாசிட்டர் உலர்ந்து அதன் கொள்ளளவு குறையும். முன்பு கண்டுகொள்ளாமல் கடந்துபோன மினுக்கலுக்கெல்லாம் இப்போது கம்ப்யூட்டர் விழுகிறது என்றால், அது பவர் சப்ளையின் வயதைத்தான் சொல்கிறது.

இனி அளப்பதற்கு வருவோம். பவர் சப்ளை விஷயத்தில் ஊகத்தை நம்புகிற அளவுக்கு யாரும் அளவை நம்புவதில்லை என்பது என் நெடுநாள் வருத்தம். சுவரில் செருகி, அதன்மேல் பிளக்கைச் செருகும் சிறிய வாட் மீட்டர் ஒன்று கிடைக்கும். மென்பொருள் எதுவும் தராத விடையை அது தரும்: மொத்தக் கம்ப்யூட்டரும் சுவரிலிருந்து எவ்வளவு இழுக்கிறது என்பதை. அந்த எண்ணைப் பவர் சப்ளையின் திறனால், அதாவது இழுக்கும் மின்சாரத்தில் வீணாக்காமல் உள்ளே தரும் சதவீதத்தால், பெருக்கினால் உள்ளே போகும் வாட் கிடைக்கும். மீட்டர் 310 காட்டுகிறது, திறன் 85 சதவீதம் என்றால் உள்ளே செல்வது சுமார் 263 வாட். இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு, '550 வாட் சப்ளை 85 சதவீதத் திறனில் 467 வாட்தான் தரும்' என்று சொல்பவர்கள் உண்டு. அப்படி இல்லை. 550 என்பது உள்ளே தரக்கூடிய வாட். அதைத் தருவதற்குச் சுவரிலிருந்து இன்னும் அதிகமாக இழுக்கும், அவ்வளவுதான்.

மென்பொருளில் எச்டபிள்யூஇன்ஃபோ எனக்குப் பிடித்தது. பிராசசரின் வாட், கார்டின் வாட், பவர் சப்ளை தரும் 12 வோல்ட், 5 வோல்ட், 3.3 வோல்ட் எல்லாவற்றையும் ஒரே பட்டியலில், குறைந்தபட்சம் அதிகபட்சத்தோடு காட்டும்; கோப்பாகவும் பதிவு செய்யும். லினக்ஸில் எல்எம்-சென்சார்ஸ் இந்த வேலையைச் செய்யும். ஆனால் காட்டும் எண்களை எந்த அளவுக்கு நம்பலாம் என்று தெரிந்திருக்க வேண்டும். 12 வோல்ட் எண் வருவது மதர்போர்டில் உள்ள ஒரு சிறிய கண்காணிப்புச் சில்லிலிருந்து. அந்தச் சில்லு 12 வோல்ட்டை நேராக அளப்பதில்லை. இரண்டு ரெசிஸ்டர்களால் வகுத்துச் சிறிதாக்கிய வோல்ட்டேஜை அளந்து, மறுபடி பெருக்கிக் காட்டுகிறது. ரெசிஸ்டர்களில் சிறு பிசகு, மென்பொருளில் தவறான பெருக்கல் எண் என்று எது இருந்தாலும் 11.3 என்றோ 12.7 என்றோ காட்டும். பதறி ஓட வேண்டாம். மல்டிமீட்டரால் சரிபாருங்கள்.

கார்டின் வாட்டிலும் ஒரு நுணுக்கம் உண்டு. ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 6000 வரிசைக் கார்டுகள் மென்பொருளில் காட்டும் வாட், மொத்தக் கார்டும் இழுப்பதைவிடக் குறைவு. ஆர்எக்ஸ் 6800 எக்ஸ்டி 300 வாட் கார்டு, ஆனால் திரையில் அதைவிடக் கணிசமாகக் குறைந்த எண்ணே தெரியும். அதை வைத்துக் கணக்குப் போட்டால் ஏமாந்துவிடுவோம்.

மல்டிமீட்டரால் பார்ப்பது கடினமில்லை. நான்கு பின் உள்ள பழைய மோலெக்ஸ் கனெக்டர் ஒன்று சும்மா தொங்கிக்கொண்டிருக்கும். அதில் மஞ்சள் கம்பி 12 வோல்ட், சிவப்பு 5 வோல்ட், நடுவில் உள்ள இரண்டு கறுப்பும் கிரவுண்ட். எல்லாக் கம்பியும் கறுப்பாக வரும் மாடலில் ஒரு ஓரம் 12, மறு ஓரம் 5. மீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, கம்ப்யூட்டர் ஓடும்போதே, சும்மா இருக்கையில் ஒரு முறையும் முழு லோடில் ஒரு முறையும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். இரண்டு முனைகளும் ஒன்றோடொன்று உரசிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஏடிஎக்ஸ் தரம் அனுமதிப்பது 5 சதவீத ஏற்ற இறக்கம்: 12 வோல்ட் 11.4-க்கும் 12.6-க்கும் இடையே, 5 வோல்ட் 4.75-க்கும் 5.25-க்கும் இடையே, 3.3 வோல்ட் ஏறக்குறைய 3.14-க்கும் 3.46-க்கும் இடையே. சும்மா இருக்கும்போது 12.10, முழு லோடில் 11.95 என்றால் கவலையே வேண்டாம். லோடில் 11.5 வரை சரிகிறது என்றால் தரத்துக்குள்தான் இருக்கிறது, ஆனாலும் நான் அந்தப் பவர் சப்ளையை மாற்றத் தயாராகிவிடுவேன். ஒரு நாளில் எடுத்த எண்ணைவிட அது மாதங்களில் எந்தப் பக்கம் நகர்கிறது என்பதே அதிகம் சொல்லும்.

மல்டிமீட்டர் காட்டாத ஒன்றும் இருக்கிறது. 12 வோல்ட் நேர்கோடு போல இருப்பதில்லை, அதன்மேல் சின்னச் சின்ன அலைகள் இருக்கும். அதற்கு ரிப்பிள் என்று பெயர். 12 வோல்ட்டில் 120 மில்லிவோல்ட், 5 மற்றும் 3.3 வோல்ட்டில் 50 மில்லிவோல்ட் வரைதான் அது போகலாம். கெபாசிட்டர் கெட்டுப்போகும்போது முதலில் கூடுவது இந்த அலைதான். மீட்டர் சராசரியைக் காட்டுவதால் 12.05 என்று அழகாகத் தெரியும். அலையைப் பார்க்க ஆசிலோஸ்கோப் வேண்டும். அதனால் மீட்டரில் எண் சரியாக இருக்கிறது என்பதற்காகவே பவர் சப்ளை நன்றாக இருக்கிறது என்று முடிவு செய்ய முடியாது. எண் தவறாக இருந்தால் மட்டும் அது கெட்டுவிட்டது என்று உறுதியாகச் சொல்லலாம்.

இப்போது புதிய கார்டின் கணக்கைப் போடுவோம். பிராசசர் 142, கார்டு 300, மற்றவை 55. மொத்தம் கிட்டத்தட்ட 500 வாட். அப்படியானால் 550 வாட்டே போதுமே, எதற்கு 750? கார்டின் 300 வாட் என்பது சராசரி. ஒரு நொடியில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு போன்ற மிகக் குறுகிய நேரத்துக்கு இன்றைய கார்டுகள் அதைப்போல ஒன்றரை மடங்கு, இரண்டு மடங்குகூட இழுத்துவிடும். மென்பொருள் இரண்டு நொடிக்கு ஒருமுறை பார்த்துக்கொண்டிருக்கும்போது இந்தத் துள்ளல்கள் அதன் கண்ணில் படவே படாது. பவர் சப்ளையின் பாதுகாப்புச் சுற்று மட்டும் பார்த்துவிடும், பார்த்ததும் அணைத்துவிடும். 2020-க்குப் பிறகு வந்த பெரிய கார்டுகளோடு, கணக்குப்படி தாராளமாகப் போதுமான பழைய பவர் சப்ளைகளும் திடீர் திடீரென்று அணைந்ததற்கு இதுதான் காரணம்.

2022-இல் இன்டெல் வெளியிட்ட ஏடிஎக்ஸ் 3.0 தரம் இந்தத் துள்ளலை வெளிப்படையாகக் கணக்கில் எடுத்தது. 450 வாட்டுக்கு மேற்பட்ட, கார்டுக்கான புதிய 16 பின் கனெக்டர் உள்ள பவர் சப்ளை, தன் அளவைப்போல இரண்டு மடங்கை 100 மைக்ரோநொடிக்குத் தாங்க வேண்டும் என்று அது கேட்கிறது. 750 வாட் என்றால் அந்தக் கணத்துக்கு 1500 வாட். உங்கள் கார்டு 600 வரை துள்ளினாலும், பிராசசரையும் மற்றவற்றையும் சேர்த்து 800 வாட்டைத் தாண்டாது. ஆகவே ஏடிஎக்ஸ் 3.0 அல்லது 3.1 தரத்தில் வந்த 750 வாட் உங்களுக்குத் தாராளம். அந்தத் தரத்துக்கு முந்தைய மாடல்தான் கிடைக்கிறது என்றால் 850 எடுங்கள், அந்த இடத்தில் கூடுதல் வாட்டுக்கு நியாயம் இருக்கிறது. கவனிக்க வேண்டிய ஒன்று: பழைய மாடலோடு ஒரு 16 பின் கேபிளை மட்டும் சேர்த்துப் பெட்டியில் போட்டுத் தருவதும் உண்டு. கேபிள் இருப்பதால் மட்டும் அது ஏடிஎக்ஸ் 3 ஆகிவிடாது. தரத்தின் பெயர் பெட்டியிலோ தயாரிப்பாளரின் விவரத் தாளிலோ தெளிவாக எழுதியிருக்க வேண்டும்.

1000 வாட் ஏன் வேண்டாம் என்றும் சொல்லிவிடுகிறேன். கெடுதல் ஒன்றும் இல்லை, 1000 வாட் என்பதால் அது 1000 வாட்டையும் கார்டுக்குள் தள்ளிவிடாது. ஆனால் டெஸ்க்டாப் நாளின் பெரும்பகுதி 60, 70 வாட்டில்தான் இருக்கும். 1000 வாட்டில் அது 6, 7 சதவீத லோடு. அந்த இடத்தில் பெரும்பாலான பவர் சப்ளைகளின் திறன் நன்றாகவே விழுந்துவிடும். அதோடு, அதே பணத்தில் சுமாரான 1000 வாட்டா, அருமையான 750 வாட்டா என்று நிற்கும்போது நான் எப்போதும் இரண்டாவதையே எடுப்பேன்.

அந்த 'அருமை' எங்கே தெரியும்? முதலில் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் லேபிளைப் படியுங்கள். இன்றைய கம்ப்யூட்டரில் பிராசசரும் கார்டும் கிட்டத்தட்ட முழுக்க 12 வோல்ட்டில்தான் உயிர்வாழ்கின்றன. லேபிளில் 12 வோல்ட்டுக்கு நேரே எத்தனை ஆம்பியர் என்று பார்த்து 12-ஆல் பெருக்குங்கள். 500 வாட் என்று பெரிய எழுத்தில் போட்டுவிட்டு, 12 வோல்ட்டுக்கு 25 ஆம்பியர் என்று எழுதியிருந்தால் அது உண்மையில் 300 வாட் பவர் சப்ளை. மீதி 200 வாட் யாருக்கும் தேவைப்படாத 5, 3.3 வோல்ட் பக்கம் இருக்கிறது. ஒழுங்கான 750 வாட்டில் 12 வோல்ட்டுக்கு 62 ஆம்பியர் அளவில் இருக்கும், அதாவது கிட்டத்தட்ட முழு 750. மலிவான பவர் சப்ளைகளைக் கழித்துக்கட்ட இந்த ஒரு பெருக்கலே பெரும்பாலும் போதும்.

80 பிளஸ் முத்திரை பற்றி எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். நான் அதைக் கடைசியில் வைப்பேன். 2004-இல் தொடங்கிய அந்தச் சான்று மின்சார விரயத்தை மட்டும் அளக்கிறது. 115 வோல்ட் சோதனையில், பாதி லோடில் திறன் ப்ரான்ஸ் 85 சதவீதம், கோல்டு 90, பிளாட்டினம் 92. ரிப்பிள் எவ்வளவு, பாதுகாப்புச் சுற்று வேலை செய்கிறதா, கெபாசிட்டர் எத்தனை வருடம் தாங்கும் என்பதையெல்லாம் அந்த முத்திரை சொல்வதில்லை. சோதனையும் 23 டிகிரி அளவில் நடக்கிறது. உங்கள் கேபினெட்டுக்குள் வெப்பம் அதைவிட மிக அதிகம். கேமில் உங்கள் புதிய கம்ப்யூட்டர் 440 வாட் இழுக்கும் என்று வைத்தால், ப்ரான்ஸ் சுவரிலிருந்து 518 எடுக்கும், கோல்டு 489. வித்தியாசம் 29 வாட். தினமும் நான்கு மணி நேரம் விளையாடினால் வருடத்துக்கு 42 யூனிட். உங்கள் கட்டணத்தால் பெருக்கிப் பார்த்து, கூடுதல் விலை அதற்குத் தகுமா என்று நீங்களே முடிவு செய்யலாம். பொதுவாகக் கோல்டு வரை போவது நியாயம். அதற்கு மேல் போவது நாள் முழுக்க முழு லோடில் ஓடும் கம்ப்யூட்டருக்குத்தான். இதே வேலையைச் சைபனெட்டிக்ஸ் என்ற சோதனைக்கூடமும் செய்கிறது. அவர்கள் சத்தத்தையும் அளந்து தனியாகத் தரம் தருகிறார்கள், அது பயனுள்ள தகவல்.

உத்தரவாதக் காலத்தைத்தான் நான் அதிகம் மதிக்கிறேன். 7, 10, 12 வருடம் என்று எழுதித் தருபவர் உள்ளே போட்ட கெபாசிட்டரை நம்பித்தான் தருகிறார். எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டரின் ஆயுள், வெப்பம் 10 டிகிரி குறையும்போதெல்லாம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். 105 டிகிரியில் 2000 மணி நேரம் என்று குறிக்கப்பட்டது, 65 டிகிரியில் 32000 மணி நேரம் தாங்கும். தினம் ஆறு மணி நேரம் என்றால் 14 வருடத்துக்கும் மேல். அதே கணக்கில் 75 டிகிரிக்குப் போனால் ஏழு வருடம்தான். தரை ஓரமாக, தூசு அடைத்த வடிகட்டியோடு வைத்த பவர் சப்ளை சீக்கிரம் போவதற்குக் காரணம் இதுதான்.

அடுத்தது கேபிள். கம்ப்யூட்டரைச் சேர்ப்பவர்கள் அவசரமாகக் கடந்துபோகும் இடம் இது, ஆனால் கருகல்கள் இங்கேதான் நடக்கின்றன.

மதர்போர்டின் ஸ்லாட் கார்டுக்கு 75 வாட் தரும். 6 பின் கேபிள் 75, 8 பின் கேபிள் 150. உங்கள் 300 வாட் கார்டில் இரண்டு 8 பின் இருந்தால், பவர் சப்ளையிலிருந்து இரண்டு தனித்தனிக் கேபிள்களை இழுங்கள். ஒரே கேபிளின் நுனியில் இரண்டு கனெக்டர் தொங்கும்படி வருவதுண்டு. அதைப் போட்டாலும் ஓடும். ஆனால் மொத்தச் சுமையும் பவர் சப்ளை பக்கம் உள்ள ஒரே கனெக்டர் வழியாகப் போகும். 300 வாட் என்றால் 25 ஆம்பியர், மூன்று கம்பிக்குப் பகிர்ந்தால் தலைக்கு 8.3. இரண்டு கேபிள் போட்டால் அது 4.2 ஆகிவிடும்.

16 பின் கனெக்டரில் அதே கணக்கைப் போட்டால் அது ஏன் கெட்ட பெயர் வாங்கியது என்று புரியும். 600 வாட் என்றால் 50 ஆம்பியர், ஆறு பின்களுக்குப் பகிர்ந்தால் தலைக்கு 8.3. அந்தப் பின் தாங்கக்கூடியது 9 ஆம்பியரைக் கொஞ்சம் தாண்டும். இடைவெளி மிகக் குறைவு. ஒரு பின் சரியாகப் பொருந்தாமல் போனால் அதன் பங்கு மற்றவற்றின் தலையில் ஏறும், சூடாகும், உருகும். 2022 அக்டோபரில் ஆர்டிஎக்ஸ் 4090 வந்த சில வாரங்களிலேயே உருகிய கனெக்டர்களின் படங்கள் வரத் தொடங்கின. முழுதாகச் செருகப்படாததே முக்கியக் காரணம் என்று என்விடியா சொன்னது. பிறகு வந்த 12வி-2x6 வடிவத்தில் மின்சாரம் கடத்தும் பின்களை நீட்டி, கனெக்டர் செருகப்பட்டதைக் கார்டுக்குச் சொல்லும் உணர்வுப் பின்களைக் குட்டையாக்கினார்கள். முழுதாக உள்ளே போகாவிட்டால் கார்டு உயிர் பெறாது. நீங்கள் எடுக்கப்போவது 300 வாட் கார்டு என்பதால், ஆர்டிஎக்ஸ் 5070 டிஐ போல 16 பின் உள்ளதை வாங்கினாலும், பின்னுக்கு 4.2 ஆம்பியர்தான் வரும். பழைய 8 பின்னில் 150 வாட் ஓடும்போது வரும் அதே சுமை. அதனால் பயப்பட வேண்டாம். 'க்ளிக்' என்று உட்காரும்வரை நேராக அழுத்துங்கள், இழுத்துப் பாருங்கள், கனெக்டரிலிருந்து 35 மில்லிமீட்டருக்குள் கேபிளை வளைக்காதீர்கள். கேபினெட்டின் கண்ணாடி மூடும்போது கேபிளை நெருக்குகிறதா என்றும் பாருங்கள்.

பிராசசருக்குப் போகும் 8 பின்னும் கார்டுக்குப் போகும் 8 பின்னும் பார்ப்பதற்கு ஒன்றுபோல இருக்கும். ஒன்று 4+4 ஆகப் பிரியும், மற்றது 6+2 ஆகப் பிரியும். உள்ளே 12 வோல்ட்டும் கிரவுண்டும் இடம் மாறி இருக்கும். போகவில்லை என்றால் அழுத்தாதீர்கள்.

என் பாடத்தைச் சொல்கிறேன் என்றேன். சில வருடங்களுக்கு முன் பவர் சப்ளையை மாற்றினேன். பழையதும் கேபிள்களைக் கழற்றி மாட்டக்கூடிய மாடுலர், புதியதும் மாடுலர். ஹார்டு டிஸ்க்குக்கு மின்சாரம் தரும் பழைய சாட்டா கேபிள் ஏற்கெனவே கேபினெட்டின் பின்புறம் அழகாகக் கட்டப்பட்டிருந்தது. அதை அவிழ்க்கச் சோம்பல்பட்டு, புதிய பவர் சப்ளையில் செருகினேன். கச்சிதமாகப் பொருந்தியது. சுவிட்ச்சைப் போட்ட நொடியில் எரிந்த வாடை. இரண்டு ஹார்டு டிஸ்க்கும் போயின. ஒன்றில் இருந்த குடும்பப் படங்களுக்கு வேறு பிரதி இருந்தது, மற்றதில் இருந்தவற்றுக்கு இல்லை. ஹார்டு டிஸ்க் பக்கம் உள்ள கனெக்டருக்குத்தான் பொதுத் தரம் உண்டு. பவர் சப்ளை பக்கம் எந்தத் துளையில் 12 வோல்ட், எந்தத் துளையில் 5 என்பது ஒவ்வொரு தயாரிப்பாளரும் தாமே வைத்துக்கொள்வது. ஒரே தயாரிப்பாளரின் இரண்டு மாடல்களுக்கு இடையே கூட மாறும். 5 வோல்ட் எதிர்பார்த்த இடத்தில் 12 வோல்ட் பாய்ந்தால் டிஸ்க்கின் சுற்று எரிந்துவிடும். பவர் சப்ளை மாறினால் கேபிள் ஒன்றுவிடாமல் மாற வேண்டும். பழைய கேபிள்களை அந்தப் பழைய பவர் சப்ளையோடே கட்டி, மாடல் பெயரை எழுதி ஒட்டிவிடுங்கள்.

வாங்கிப் பொருத்திய பிறகு முதல் வாரத்திலேயே சோதித்துவிடுங்கள், திருப்பித் தரும் காலம் முடியுமுன். ஓசிசிடி மென்பொருளில் பிராசசரையும் கார்டையும் ஒரே நேரத்தில் உச்சத்துக்குத் தள்ளும் 'பவர்' சோதனை இருக்கிறது. அரை மணி நேரம் ஓட்டுங்கள். எச்டபிள்யூஇன்ஃபோ பதிவு செய்துகொண்டிருக்கட்டும், வாட் மீட்டர் சுவரில் இருக்கட்டும். பத்து நிமிடம் கழித்துக் கார்டின் கேபிளை, கனெக்டருக்கு ஓர் அங்குலம் தள்ளி, விரலால் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு பரவாயில்லை. கை வைக்க முடியாத சூடு என்றால் உடனே நிறுத்தி, செருகியது சரியா என்று பாருங்கள். சும்மா இருக்கும்போதும் லோடிலும் கிடைத்த மூன்று வோல்ட்டேஜ்கள், சுவர் வாட், பவர் சப்ளையின் ஃபேன் எப்போது சுற்றத் தொடங்குகிறது ஆகியவற்றைத் தேதியோடு எழுதி வையுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அதே சோதனை, அதே குறிப்பு. பல மாடல்களில் குறைந்த லோடில் ஃபேன் சுற்றவே சுற்றாது, அது கோளாறு இல்லை. லோடில் வரும் மெல்லிய 'கீச்' ஒலியும் பெரும்பாலும் சுருள்களின் அதிர்வுதான்.

தூசு தட்டும்போது பிளக்கைக் கழற்றிவிட்டு, ஃபேன் சுற்றாமல் ஒரு குச்சியால் பிடித்துக்கொண்டு வெளியிலிருந்தே ஊதுங்கள். பவர் சப்ளையை மட்டும் திறக்காதீர்கள். முன்பு சொன்ன அந்தப் பெரிய கெபாசிட்டர் பிளக்கைக் கழற்றிய பிறகும் உயிருக்கு ஆபத்தான வோல்ட்டேஜை வைத்திருக்கும்.

புதிய பவர் சப்ளை வரும் முன் புதிய கார்டு வந்துவிட்டால், பழைய 550-இல் போடாமல் இருப்பதே நல்லது. காத்திருக்க முடியாவிட்டால் கார்டின் பவர் லிமிட்டை 70, 80 சதவீதத்தில் வைத்து ஓட்டுங்கள். பவர் 20 சதவீதம் குறைந்தால் வேகமும் அதே 20 சதவீதம் குறைவதில்லை, அதைவிட மிகக் குறைவாகவே குறையும். பல பேர் நிரந்தரமாகவே இப்படி வைத்துக்கொள்கிறார்கள். நானும் அப்படித்தான் வைத்திருக்கிறேன், அறை சூடாவதும் குறைகிறது.

யுபிஎஸ் இருந்தால் அதையும் இந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். 600 விஏ என்று விற்பவை பெரும்பாலும் 360 வாட்தான் தரும். உங்கள் புதிய கம்ப்யூட்டர் கேமில் சுவரிலிருந்து 490 வாட் இழுக்கும், மானிட்டரையும் சேர்த்தால் 530-ஐத் தொடும். மின்சாரம் போகும் அந்த நொடியில் பழைய யுபிஎஸ் சுமை தாங்காமல் தானும் அணையும், நீங்கள் மறுபடி புதிய பவர் சப்ளையைச் சந்தேகிப்பீர்கள். யுபிஎஸ்ஸின் பின்புறம் விஏ எண்ணுக்குப் பக்கத்தில் வாட் எண்ணும் அச்சிட்டிருக்கும். அது 600-க்குக் குறையாமல் இருக்கட்டும்.